மறு: வீட்டு சர்வரில் ‘மைக்ரேஷன்’ – தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

> கிட்டியாவிலிருந்து ஃபோர்ஜேயோவுக்கு மாறுவது பற்றி ஒரு வழிகாட்டி எழுதுகிறேன். ‘மைக்ரேஷன்’ வரும் இடத்திலெல்லாம் ‘இடப்பெயர்வு’ என்று போட்டுவிடலாமா?

போடலாம். (புதியவர்களுக்கு: கிட்டியாவும் ஃபோர்ஜேயோவும் நிரல்களைச் சேமித்து, பலர் சேர்ந்து வேலை செய்ய உதவும் மென்பொருள்கள். வீட்டு சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம்.) ஆனால் இரண்டாவது பத்தியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். ஃபோர்ஜேயோவில் மேலே இருக்கும் கூட்டல் குறியைத் தட்டிப் பாருங்கள். வேறு தளத்திலிருந்து ஒரு களஞ்சியத்தை (ஒரு திட்டத்தின் நிரல்கோப்புத் தொகுப்பை) இழுத்துவருவதற்கு அங்கே ‘மைக்ரேஷன்’ என்றுதான் பெயர். கொள்கலன் (மென்பொருள் தனித்து இயங்கும் பெட்டி) எழும்போது தரவுத்தள அட்டவணைகளின் அமைப்பு மாறுகிறதே, அதுவும் மைக்ரேஷன். பழைய ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியிலிருந்து புது மினி பிசிக்கு எல்லாவற்றையும் தூக்கிப்போனால் அதுவும் மைக்ரேஷன். நீங்கள் எழுதப்போவது நான்காவது வகை. ஆங்கிலக்காரர்கள் சூழலை வைத்துச் சமாளித்துக்கொள்கிறார்கள். புதிதாகச் சொல் ஆக்குகிற நாம் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்வானேன்?

சரி, நான்காவது வகையில் என்னதான் நடக்கிறது? கிட்டியாவை நிறுத்துகிறோம். தரவு அடைவுக்கும் தரவுத்தளத்துக்கும் ஒரு நகல் எடுக்கிறோம். டாக்கர் கம்போஸ் கோப்பில் (எந்தக் கொள்கலனை எப்படி எழுப்புவது என்று சொல்லும் கோப்பு) எந்த மென்பொருள் என்பதைக் குறிக்கும் இமேஜ் வரியை மட்டும் ஃபோர்ஜேயோவுக்கு மாற்றி மறுபடி எழுப்புகிறோம். களஞ்சியம், பயனர், இஷ்யூ (பிழை, கோரிக்கைக் குறிப்பு) எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கொள்கலனுக்குள் எட்டிப்பார்த்தால் அமைப்புக்கோப்பு இருக்கும் அடைவின் பெயர்கூட இன்னும் ‘கிட்டியா’தான்! தாசில்தார் மாறினால் கோப்புகள் அலமாரியிலேயே இருக்கும், நாற்காலியில் மட்டும் வேறு ஆள் வருவார் அல்லவா, அந்தக் கதைதான். இடம் பெயராத ஒன்றை இடப்பெயர்வு என்று எப்படிச் சொல்வது?

> எங்களுக்கு ‘இடப்பெயர்வு’ என்றவுடன் முகாமும் மூட்டை முடிச்சும்தான் ஞாபகம் வரும். ‘புலம்பெயர்வு’ அதைவிட மோசம். வேறு சொல் பாருங்கோ.

இலங்கை நண்பர் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். அங்கே அந்தச் சொல் போர்க்காலத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறது. சர்வர் மாற்றும் வகைக்கு ‘நகர்த்தல்’ போதும். அட்டவணை வகைக்கு ‘அமைப்பு மாற்றம்’, களஞ்சிய வகைக்கு ‘கொண்டுவருதல்’. இந்த மூன்றிலும் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை.

நான்காவதற்கு வந்த பரிந்துரைகளைப் பார்ப்போம். ‘குடிமாற்றம்’ கருத்தளவில் நெருங்கி வருகிறது. ஆனால் நம்மூரில் ‘குடி’ என்றால் முதலில் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். ‘வாரிசேற்பு’ ஃபோர்ஜேயோவைப் பொறுத்தவரை நியாயமும் இல்லை, ஏனென்றால் கிட்டியா இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ‘கையகப்படுத்தல்’ கூடவே கூடாது. 2022 அக்டோபரில் கிட்டியாவின் பெயரும் தளமுகவரியும் ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனதாக அறிவிப்பு வந்தது. அதை எதிர்த்தவர்கள் அந்த ஆண்டு டிசம்பரில் தொடங்கியதுதான் ஃபோர்ஜேயோ. பெர்லினில் இருக்கும் கோட்பெர்க் என்ற இலாபநோக்கற்ற சங்கம் அதற்குக் குடையாக நிற்கிறது. அப்படிப் பிறந்த மென்பொருளின் வழிகாட்டியில் ‘கையகப்படுத்தல்’ என்று எழுதினால் கேலியாகத்தான் இருக்கும். (ஃபோர்ஜேயோ என்பது எஸ்பெராண்டோ மொழியில் கொல்லுப்பட்டறையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பெயரைத் தமிழ்ப்படுத்த யாரும் கிளம்பிவிட வேண்டாம்.)

என் பரிந்துரை கையேற்பு. அலுவலகத்தில் ஒருவர் கையளிக்கிறார், அடுத்தவர் கையேற்கிறார். இலங்கையில் ‘கையளிப்பு’ அன்றாடச் செய்தித்தமிழ். தமிழ்நாட்டில் கொஞ்சம் குறைவு என்றாலும் கேட்டவுடன் புரியும். வினையாகவும் வளையும்: ‘ஃபோர்ஜேயோ பழைய தரவைக் கையேற்கும்.’ எதிர்மறையிலும் தடுக்கவில்லை: ‘இந்தப் பதிப்பைக் கையேற்க இயலாது.’

> இமேஜ் வரியை மாற்றுவதற்கு இவ்வளவு பெரிய சொல் தேவையா? ‘மாற்றம்’ என்றால் போதாதா?

போதாது ஐயா, ஏனென்றால் எல்லா மாற்றமும் கையேற்பு ஆவதில்லை. கடவுச்சொற்களைக் காக்கும் பிட்வார்டன்_ஆர்எஸ் 2021-இல் வால்ட்வார்டன் ஆனபோது பெயரும் இமேஜும் மட்டுமே மாறின. மென்பொருளும் தரவும் அவையே. ஆவணங்களைச் சேமித்துத் தேட உதவும் பேப்பர்லெஸ்-என்ஜியில் வேலை நின்றுபோனதும் 2022-இல் ஒரு குழுவாகச் சேர்ந்து பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ் என்று எடுத்து நடத்தினார்கள். அங்கேயும் கம்போஸ் கோப்பில் இமேஜ் பெயரை மாற்றினாலே வேலை நடந்தது. இவையெல்லாம் கையேற்பு. வீட்டு சர்வரிலிருந்து படங்களை ஓட்டும் ஜெல்லிஃபின் அப்படியில்லை. அதே வேலையைச் செய்யும் எம்பி என்ற மென்பொருள் மூடிய மென்பொருளானதும் 2018 டிசம்பரில் அதிலிருந்து தனியாகக் கிளை பிரிந்தது அது. இன்று புதிய எம்பியிலிருந்து வருகிறவர் படக்கோப்புகளைக் காட்டி நூலகத்தை முதலிலிருந்து கட்ட வேண்டும். பார்த்த படம், பாதியில் விட்ட படம் என்ற குறிப்பெல்லாம் தானாக வந்து சேராது. ‘மாற்றம்’ என்று இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், ஒரு வரியில் முடியும் என்று நினைத்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மாலையில் உட்கார்ந்துவிடுவார். இரண்டாவது வகையை ‘மறுகட்டல்’ என்போம்.

வழிகாட்டி எழுதுகிறவருக்கு இன்னொரு சொல்லும் தேவைப்படும்: கையேற்பு வரம்பு. எந்தப் பதிப்பு வரை புதியவர் பழைய தரவை ஏற்பார் என்பது. 2024 பிப்ரவரியில் ஃபோர்ஜேயோ முழுக்கப் பிரிந்து தன் வழியில் போவதாக அறிவித்துவிட்டது. அதனால் 1.22 வரையிலான கிட்டியாவைத்தான் ஃபோர்ஜேயோ 10 கையேற்கும். அங்கே போய் நின்று, பிறகு அதிலிருந்து மேலே ஏற வேண்டும். 1.23-க்குப் போய்விட்டவருக்கு இந்த வழி அடைபட்டுவிட்டது. பின்வாங்கவும் முடியாது, ஏனென்றால் அமைப்பு மாற்றம் ஒருவழிப்பாதை. புதுத் தரவுத்தளத்தைப் பார்த்தால் பழைய கிட்டியா எழவே மறுத்துவிடும். முன்பு எடுத்த நகல் இருந்தால் ஒழிய வேறு வழி இல்லை. இமேஜ் வரியில் பதிப்பு எண் போடாமல் ‘லேட்டஸ்ட்’ என்று விட்டிருந்தவர்கள் பலர் தமக்கே தெரியாமல் இந்த வரம்பைத் தாண்டியிருப்பார்கள். இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். சொல் எதுவானாலும் வாசகருக்கு உதவப்போவது இந்தப் பத்திதான்.

வால்யூமுக்குக் (கொள்கலனின் தரவு தங்கும் இடம்) ‘கொள்ளிடம்’ என்று ஒருவர் சொன்னது அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் திருச்சிக்காரர்கள் ஆற்றைத் தேடுவார்கள். அதைத் தனி இழையில் பேசுவோம். இப்போதைக்கு ‘வால்யூம்’ என்றே இருக்கட்டும்.

கையேற்பு, கையேற்பு வரம்பு, மறுகட்டல், நகர்த்தல், அமைப்பு மாற்றம், கொண்டுவருதல் ஆகிய ஆறையும் வரைவுப் பட்டியலில் ஏற்றியிருக்கிறேன். ‘கையேற்பு’ கையேந்துவதுபோல் ஒலிக்கிறது என்று யாருக்காவது தோன்றினால் இப்போதே சொல்லிவிடுங்கள். இடைமுகத்தில் ஏறிய பிறகு திருத்துவது பெரிய வேலை.