விளையாடும்போது பல்லைக் காக்கிற வாய் உறை: கம் கார்ட் எது வாங்கலாம்? (தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் குடும்பக் குழு)

உமா: ஏப்ரல்ல ஸ்கூல் ரக்பி ஆரம்பம். சின்னவனுக்கு 11 வயசு. கடையில வெந்நீர்ல போட்டுக் கடிக்கிற கம் கார்டும் இருக்கு, அப்படியே மாட்டுறதும் இருக்கு. எது வாங்க?

அண்ணி (பல் டாக்டர்): அப்படியே மாட்டுறதைத் தொடாதே உமா. பல்லைப் பிடிக்காது. கடிச்சுக்கிட்டே இருந்தாத்தான் வாயில நிக்கும், ஓடி மூச்சு வாங்கினா விழுந்துடும். வெந்நீர் வகை வாங்கு.

உமா: டாக்டர்கிட்ட பல்லுக்கு அச்செடுத்துச் செஞ்சுட்டா?

அண்ணி (பல் டாக்டர்): அதுதான் உசத்தி. ஆனா இவனுக்குப் பால் பல் விழுந்து புதுசு முளைக்கிற வயசு, சில மாசத்துலயே பொருந்தாமப் போகும். எல்லாப் பல்லும் வந்தப்புறம் செய்யலாம்.

கோச் மாமா: வெந்நீர் வகையில, கடிச்சு அச்சு பிடிக்கிறதுலதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. பசங்க நறநறன்னு கடிச்சு முன்பக்கம் காகிதமாட்டம் வந்து நிக்குது.

அண்ணி (பல் டாக்டர்): அதேதான் மாமா. முன்பல்லுக்கு வெளியே 3 மி.மீ. கனமாவது மிஞ்சணும்.
உமா, தண்ணி கொதிச்சதும் அடுப்பை அணைச்சுட்டுப் போடு. அடுப்புமேலயே விட்டா அடியில ஒட்டிச் சுருண்டுடும். எத்தனை விநாடின்னு பெட்டியில போட்டிருக்கும், பிராண்டுக்குப் பிராண்டு மாறும். எடுத்துப் பச்சைத்தண்ணில ஒரு நொடி காட்டு, இல்லேன்னா ஈறு வெந்துடும். கண்ணாடி முன்னாடி நின்னு மேல்பல்லுல நடுக்கோடு பார்த்து வை. மெதுவாக் கடிக்கச் சொல்லு. நாக்கால அண்ணத்தை அழுத்தி, உள்ள இருக்கிற தண்ணியை உறிஞ்சணும். அந்த நேரம் நீ வெளியிலேர்ந்து உதட்டையும் கன்னத்தையும் விரலால அமுக்கு. அரை நிமிஷம். அப்புறம் குளிர்ந்த தண்ணி.

கோச் மாமா: வாயை ஆவென்னு திறக்கச் சொல்லு. கீழே விழுந்தா மறுபடி காய்ச்சு. ரெண்டு தடவைக்கு மேல வேணாம், புதுசு வாங்கிடு.

ரேவதி: என் பொண்ணு ஹாக்கி. பல்லுக்குக் கம்பிக் கிளிப் போட்டிருக்கா. இதே போதுமா?

அண்ணி (பல் டாக்டர்): கூடாது ரேவதி! கொதிச்ச பிளாஸ்டிக் கம்பி இடுக்குல இறங்கி இறுகிடும், கழட்டும்போது பல்லுல ஒட்டின பிராக்கெட்டையே பிடுங்கும். பல்லும் நகர முடியாது. கிளிப்புக்குன்னே சிலிக்கான் கார்ட் இருக்கு, காய்ச்சாமலே மாட்டலாம். உங்க கிளிப் டாக்டரைக் கேட்டு வாங்கு.

உமா: பின்னாடி குத்தி ஓங்கரிச்சா?

அண்ணி (பல் டாக்டர்): கத்தரியால கொஞ்சம் கொஞ்சமா வெட்டு, முதல் கடைவாய்ப்பல் மூடியிருக்கணும். கழுவப் பச்சைத்தண்ணி, பழைய பிரஷ். வைக்க ஓட்டையுள்ள டப்பா.

கோச் மாமா: கார் டிக்கியில மட்டும் போடாதீங்க. டர்பன் வெயில்ல நெளிஞ்சுடும்.

ரேவதி: அதையும் மீறிப் பல் தெறிச்சா?

அண்ணி (பல் டாக்டர்): பால் பல்லுன்னா திரும்ப வைக்காதே. நிரந்தரப் பல்லுன்னா வெள்ளைப் பகுதியை மட்டும் பிடி, வேரைத் தேய்க்காதே. மண் இருந்தா லேசா அலசி அதே குழியில உடனே வை, கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லு. முடியலேன்னா குளிர்ந்த பால்ல போடு. எப்படியானாலும் அரை மணிக்குள்ள டாக்டர்கிட்ட ஓடு. தண்ணியில ஊற வெச்சா வேர்மேல இருக்கிற செல் செத்துடும்.

கோச் மாமா: சரிம்மா, சனிக்கிழமை மேட்ச் கூலர் பாக்ஸ்ல அரை லிட்டர் பாலும் வெச்சுடறேன். டீக்கு எடுத்துடாதீங்க.