புதுப்பிப்பு: குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்கள் ஊர்ச் சாலையின் ஓரம்

மழை நின்று இரண்டு நாள் கழிந்தும் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய எங்கள் சாலையில் தண்ணீர் தேங்கி, தார் ஓரமாகப் பெயர்வதாக வைகாசியில் எழுதியிருந்தேன். சாலையோர வடிகால் ஓடை அடைபட்டதே காரணம் என்று அப்போது கருதினேன். அது பாதி உண்மைதான்.

ஊராட்சியில் தெரிவித்துவிட்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பதினோரு பேர் மம்மட்டியும் வெட்டுக்கத்தியுமாக இறங்கினோம். தண்ணீர் இருபுறமும் வழிந்தோடுவதற்காகவே சாலையின் நடுப்பகுதி சற்று உயர்த்திப் போடப்படுகிறது என்றாலும், ஆண்டுக்கணக்கில் படிந்த ரப்பர் சருகும் மண்ணும் புல்லும் ஓரத்தை ஒரு சாண் உயர்த்திவிட்டதால், தண்ணீர் ஓடையை எட்டாமலே தாரின் அடியில் இறங்கி ஜல்லியை இளக்கிக்கொண்டிருந்தது. புல்லை முழுவதும் செதுக்கினால் அடுத்த மழையில் மண் கரைந்து ஓடைக்குள்தான் போகும் என்பதால், பத்தடிக்கு ஒன்றாகச் தண்ணீர் ஓடைக்குள் இறங்கச் சாய்வான வாய்களை மட்டும் வெட்டிவிட்டோம்.

மூன்றாவது வாயை வெட்டுகையில் ஒரு வீட்டின் குடிநீர்க் குழாயை நானே உடைத்துவிட்டேன். அந்த வீட்டு அக்கா நியாயமாகவே கோபித்தார். மாலைக்குள் குழாயை மாற்றிக் கொடுத்தபின் எல்லோருக்கும் பால் சேர்க்காத கட்டஞ்சாயா வந்தது.

குழிகளைச் சிமெண்டால் அடைக்கலாமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சிமெண்ட் தாருடன் சரியாகப் பிடிக்காது; வண்டி ஏறி இறங்கினால் வில்லையாகப் பெயர்ந்துவிடும். அதனால் குழிகளை நாங்கள் தொடவில்லை.

நேற்றிரவு நல்ல மழை. காலையில் வாய்கள்தோறும் செந்நீர் ஓடியது. சிறுபாலத்தருகே மட்டும் இன்னும் தேங்கி நிற்கிறது. அதன் குழாயினுள் தென்னை மட்டை சிக்கியிருக்கிறது. ஆள் நுழைவது ஆபத்து என்பதால் ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறோம்.