எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் இருக்கையில் வேலை போய்விட்டது, மறுபடியும் விசா லாட்டரியா?

டல்லாஸ்வாசி: 4 வருடமாக எச்-1பி. போன வாரம் ஆட்குறைப்பில் என் பெயரும் வந்துவிட்டது. வேறு கம்பெனி கிடைத்தால் திரும்ப லாட்டரியில் போக வேண்டுமா? பையனுக்குப் பள்ளிக்கூடம் வேறு, தலை சுற்றுகிறது.

பழையவிசா: லாட்டரி வேண்டாம். ஒருமுறை வருடத்துக்கு 85,000 விசா என்ற ஒதுக்கீட்டில் வந்தாச்சு, எச்-1பிக்கான 6 வருடத்தில் மிச்சமிருப்பது உங்களுடையதுதான். ஆனால் வேலை போனபின் தங்கியிருக்கக் கெடு 60 நாள், ஐ-94 (எதுவரை தங்கலாம் என்று காட்டும் பதிவு) முன்னாடியே முடிந்தால் அந்தத் தேதிதான்; அதற்குள் புதுக் கம்பெனி மனு போட்டுவிட்டால் ஒப்புதலுக்குக் காத்திராமலே வேலையில் சேரலாம்.

டல்லாஸ்வாசி: 2 மாதச் சம்பளம் கூடுதலாகத் தருகிறார்களே, அதற்கப்புறம்தானே 60?

நியூஜெர்சிஅக்கா: இல்லை தம்பி! வேலை முடிந்த மறுநாளே எண்ண ஆரம்பியுங்கள். அந்தப் பணம் விசாவை நீட்டாது. எங்கள் வீட்டில் இதில்தான் கோட்டை விட்டோம்.