முதுகு ஒப்பரேஷனுக்குப் பிறகு நீர் கசிகிறது, அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கோ

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். அக்காவின் மகனுக்கு 8 வயது. முள்ளந்தண்டின் அடியில் ஒட்டிப்போயிருந்த முண்ணாணை (முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத்தண்டை) விடுவிக்க ஒப்பரேஷன் செய்து இன்றைக்கு 6 நாள். முந்தாநாளிலிருந்து தையலடியில் தண்ணீர் மாதிரி ஊறிக் கட்டு நனைகிறது, எழுப்பி இருத்தினால் தலையிடி என்று அழுகிறான், படுத்தால் குறைகிறது.

முண்ணாணைச் சுற்றியுள்ள நீர், அதை மூடியிருக்கும் சவ்வில் உள்ள ஓட்டையால் கசிகிறதாம். மட்டமாகப் படுக்கவைத்து, மேலே இன்னொரு தையல் போட்டுப் பார்ப்போம், நிற்காவிட்டால் இடுப்பில் மெல்லிய குழாய் விட்டு வடிய விடுவோம், அதுவும் சரிவராவிட்டால் திரும்பத் திறந்து சவ்வைத் தைக்க வேண்டும் என்றார் டொக்டர். காய்ச்சலோ கழுத்து விறைப்போ வந்தால் உடனே சொல்லட்டாம், கிருமி போனால் மூளைக்காய்ச்சல். அதைக் கேட்டதிலிருந்து அக்காவுக்கு நித்திரையே இல்லை.

பிள்ளைக்குக் குழாய் போட்டவர்கள் யாராவது இருக்கிறீங்களா? எத்தனை நாள் வைத்திருந்தார்கள்? கட்டிலை உயர்த்திப் பதித்தாலே வடிகிற அளவு மாறுமாம், அப்போ இந்தத் துடியாட்டக்காரனை எப்படி அசையாமல் வைத்திருப்பது? போனில் கார்ட்டூன் ஒரு மணித்தியாலம்தான் தாங்குது. தயவுசெய்து எண்ணெய், பத்தியம் மட்டும் சொல்லாதேங்கோ, அதுக்கு அம்மம்மா இருக்கிறா.