இழை: பிக்கெல்ஹௌபே – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

பழைய ஜெர்மன் படைத் தலைக்கவசங்களைச் சேகரிப்போருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். 1842இல் பிரஷ்யப் படைக்கு வந்த, உச்சியில் கூர்முனை வைத்த தோல் கவசம்தான் பிக்கெல்ஹௌபே. அப்படியே எழுதினால் ‘பிக்கல் பிடுங்கல்’ காதில் விழுகிறது. ‘கூர்முடிக் கவசம்’ சரிவருமா?

————

அம்மா, கவசம் வடசொல். ‘காப்பு’ இருக்கும்போது அது எதற்கு? பெயரின் வேரையும் பாருங்கள். செருமானியத்தில் ‘பெக்கன்’ என்றால் வட்டில். வட்டில் போன்ற இடைக்காலத் தலைக்காப்பின் பெயர்தான் திரிந்து பிக்கெல் ஆயிற்று. பிறப்பில் அதற்கும் கூர்முனைக்கும் உறவே இல்லை. ‘வட்டிற்காப்பு’ என்பதே வேருக்கு உண்மையான சொல்.

————

ஐயா, புணர்ச்சி சரி. ஆனால் படிப்பவர் சோற்று வட்டிலைத்தான் நினைப்பார். தலைக்கவசம் என்றால் வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் புரிகிறது, அதை ஏன் விட வேண்டும்? எனக்குச் சிக்கல் ‘கூர்’ மேல்தான். பிரஷ்யப் பீரங்கிப் படையினர் கவசத்தில் கூரே கிடையாது, உருண்டைக் குமிழ்தான். கூருச்சிக் கவசம், குமிழுச்சிக் கவசம் என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

————

இந்தப் பிரிப்பு கையேட்டுக்கு நன்றாகப் பொருந்துகிறது, நன்றி. அடையாளம் காணும் பகுதியை இப்படி எழுதியிருக்கிறேன்: “முன்தகட்டில் இரு சிங்கங்கள் சின்னத்தைத் தாங்கி நின்றால் அது ஜெர்மன் பேரரசுக்குள் இருந்த பவேரிய அரசின் கவசம். 1897 முதல் வலப்பக்கம் பேரரசின் கருப்பு-வெள்ளை-சிவப்பு நிறவட்டு, இடப்பக்கம் அந்தந்த அரசின் நிறவட்டு. தகட்டை மட்டும் நம்பாதீர்கள். உள்பட்டையை மெல்ல விலக்கி, தோலின் உட்புறத்தைப் பாருங்கள். தகட்டைப் பிடிக்கும் துளைகளுக்குப் பக்கத்தில் வேறு துளைகள் இருந்தால், பின்னாளில் யாரோ தகட்டை மாற்றியிருக்கலாம்.”

அப்புறம் இன்னொன்று. 1915 மாதிரியில் முனையைத் திருகி எடுத்துவிடலாம். அதற்குக் ‘கழல்முனை’ என்று போட்டிருக்கிறேன், வினைத்தொகை.

————

கழல் என்றதும் வீரக்கழல்தான் நினைவுக்கு வரும், அது காலுக்குரியது. தலைக்கு வேண்டாம் அம்மா. ‘கழற்றுமுனை’ என்றே எழுதுங்கள், அதுவும் வினைத்தொகைதான். கூருச்சியையும் குமிழுச்சியையும் ஏற்கிறேன். கவசம் பற்றிய என் மறுப்பு அப்படியே நிற்கிறது.