வேட்டைக்குப் புதிதா? துப்பாக்கிக்கு முன்னால் நாற்காலியைப் பாருங்கள்

புது நாட்டுக்கு வந்து கொஞ்ச நாளில், கூட வேலை பார்ப்பவர் யாராவது "இந்த சீசனுக்கு மான் வேட்டைக்கு வர்றியா?" என்று கூப்பிடுவார். உரிமம், பாதுகாப்பு வகுப்பு, மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படுவதற்கான ஆரஞ்சு உடை எல்லாம் அவரே சொல்லித் தந்துவிடுவார். எதில் உட்காருவது என்பதை மட்டும் சொல்ல மாட்டார். சின்ன வயதிலிருந்தே பழகியவருக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றாது. புதிதாக வந்த இரண்டு மூன்று பேர் இதைக் கேட்டிருந்தீர்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

வேட்டை என்றால் காட்டில் நடந்து தேடுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மான் வேட்டையில் பெரும்பகுதி உட்கார்ந்திருப்பது. விடியும் முன்னால் போய் உட்கார்ந்தால் நாலைந்து மணி நேரம் அசையக்கூடாது.

முதல் சீசனில் நான் கொண்டுபோனது ஒரு மடக்கு முக்காலி. அரை கிலோதான் இருக்கும், பையில் தண்ணீர் பாட்டில் மாதிரி அடங்கிவிடும் என்று ஆசையாக வாங்கினேன். முக்கோணத் துணி இருக்கை, சாய்மானம் கிடையாது. முக்கால் மணி நேரத்தில் துணியின் விளிம்பு தொடைக்கு அடியில் அழுத்தி வலது கால் மரத்துவிட்டது. மெதுவாக உடம்பை இடது பக்கம் சாய்த்தேன். அந்தப் பக்கக் கால் ஈர மண்ணில் இறங்கியது, மூன்று கால்களும் சேரும் ஆணி 'கிறீச்' என்றது. இருபது மீட்டர் தள்ளி, புதருக்குப் பின்னால் நான் கவனிக்கவே இல்லாத ஒரு பெண்மான் தலையைத் தூக்கியது. இரண்டு காதும் என் பக்கம் திரும்பின. முன்னங்காலால் தரையை ஒரு தட்டு தட்டியது, வாலை உயர்த்தியது, அவ்வளவுதான், போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒரு இருக்கையைப் பார்த்தால் எத்தனை கிராம் என்று முதலில் கேட்பதில்லை. இதில் எவ்வளவு நேரம் அசையாமல் இருக்க முடியும் என்றுதான் பார்க்கிறேன்.

அதில் பாதி, உயரத்தில் இருக்கிறது. பாதம் முழுதும் தரையில் படிந்து, தொடை கிட்டத்தட்ட மட்டமாக இருக்க வேண்டும். இருக்கை அதிக உயரமாக இருந்தால் முன்விளிம்பு தொடையின் அடிப்பகுதியை அழுத்தும். எனக்கு மரத்ததும் அதனால்தான். ரொம்பத் தாழ்வாக இருந்தால் முட்டி மேலே வந்து, முதுகு வளைந்து, இடுப்பு வலிக்கும். ஆனால் தாழ்ந்த இருக்கையில் ஒரு பெரிய வசதி உண்டு: இரண்டு முழங்கையையும் முட்டியில் ஊன்றிக் குறி பார்க்கலாம், துப்பாக்கி ஆடாது. உங்கள் உருவமும் தரையோடு ஒட்டி மறையும். அதனால் ரைஃபிளோடு போகிறவருக்குத் தரையிலிருந்து 20 முதல் 30 செ.மீ. உயரமும், நல்ல சாய்மானமும் உள்ள நாற்காலியைத்தான் சொல்வேன். காலை நீட்டிக்கொள்ளலாம், முதுகின் பாரத்தைச் சாய்மானம் வாங்கிக்கொள்ளும். வில்லோடு போகிறவருக்கு இது சரிப்படாது, வில்லின் கீழ்முனை தரையிலோ முட்டியிலோ இடிக்கும். அவருக்கு உயரமான ஸ்டூல்தான்.

குளிரைப் பற்றி நம் ஆட்கள் ஒரு தப்பு செய்கிறோம். ஜாக்கெட்டுக்குச் செலவு செய்கிறோம், உட்காரும் இடத்தை விட்டுவிடுகிறோம். எவ்வளவு தடித்த உடையாக இருந்தாலும் உட்காரும்போது அது நசுங்கி, உள்ளே இருக்கும் காற்று போய்விடும். அப்புறம் ஈரத் தரை உடம்புச் சூட்டை நேராக உறிஞ்சிக்கொள்ளும். மெல்லிய துணி நாற்காலியிலும் கீழிருந்து காற்று வந்து பின்பக்கம் விறைத்துப்போகும். இதற்கு ஒரு ஃபோம் பேட் போதும், 100, 200 கிராம்தான். கடையில் ஓர் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். மெத்தென்று ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கினால் வேண்டாம், அது தண்ணீரைக் குடித்துவிடும். யோகா பாய் போல இறுக்கமாக, தண்ணீர் ஏறாத வகைதான் வேண்டும். இன்னொரு துண்டு வெட்டிக் காலடியிலும் போடுங்கள். பாதம் சூடாக இருக்கும், காலை நகர்த்தினாலும் சத்தம் வராது.

சத்தத்தை வீட்டிலேயே சோதித்துவிடலாம். நாற்காலியை ஒரு ராத்திரி வெளியே குளிரில் போட்டு வையுங்கள். விடிகாலை அமைதியில் அதில் உட்கார்ந்து சாய்ந்து, திரும்பிப் பாருங்கள். கடையில் சத்தமே போடாத பிளாஸ்டிக் பூசிய துணி குளிரில் விறைத்து மொறுமொறுக்கும். உலோக மூட்டுகள் முனகும். வெல்க்ரோ வைத்த பை இருந்தால் அதை வெட்டி எடுத்துவிட்டுப் பொத்தான் தைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தில் ஒரு குறிப்பு. மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் நமக்குத் தெரிவது போல் தெரியாது, அதனால்தான் ஆரஞ்சு உடை போட்டும் வேட்டையாட முடிகிறது. நீலம் அதற்கு நன்றாகவே தெரியும். முகாமுக்கென்று வாங்கிய நீல நாற்காலியை எடுத்துப் போகாதீர்கள். காட்டு வான்கோழிக்கு எல்லா நிறமும் தெரியும், அதனிடம் எந்தப் பளிச் நிறமும் எடுபடாது.

எடை நடக்கும் தூரத்தைப் பொறுத்தது. அரை கிலோமீட்டர் சமதரை என்றால் மூன்று நான்கு கிலோ சுழல் நாற்காலியைக்கூடத் தோளில் போட்டுக்கொண்டு போகலாம். மேடேறி இரண்டு கிலோமீட்டர் என்றால் ஒரு கிலோ அளவில் வரும் அலுமினியக் குழாய் நாற்காலி. அதற்கும் மேல் நடப்பவர் ஃபோம் பேடை மட்டும் எடுத்துக்கொண்டு மரத்தில் சாய்ந்து உட்காரலாம், நான் பல நாள் அப்படித்தான். எதுவானாலும் கால்முனை அகலமாக இருக்கட்டும், குச்சி மாதிரி முனை சேற்றிலும் பனியிலும் இறங்கிவிடும். தாங்கும் எடையைப் பார்க்கும்போது உங்கள் எடையோடு பூட்ஸ், உடை, துப்பாக்கி எல்லாவற்றையும் கூட்டுங்கள். 80 கிலோ ஆள் முழு உடையில் சுலபமாக 90 தாண்டுவார்.

மரத்தில் உயரமாகக் கட்டி, ஏறி உட்காரும் இருக்கையான ட்ரீ ஸ்டாண்ட் பற்றியும் ஒரு தம்பி கேட்டிருந்தார். முதல் வருடம் வேண்டாம் தம்பி. அதிலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்தவர்கள் நிறைய. பின்னால் ஏறினாலும், தரையை விட்டுக் கால் எடுத்ததிலிருந்து திரும்ப இறங்கும் வரை ஹார்னஸ் (உடம்பை மரத்தோடு பிணைக்கும் பாதுகாப்பு வார்) மாட்டியே இருக்க வேண்டும்.

"ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும்" என்பவருக்கு: ஃபோம் பேட். இரண்டு என்றால், அதோடு சாய்மானம் வைத்த தாழ்ந்த நாற்காலி. வாங்கியதும் வேட்டை உடை முழுதும் போட்டுக்கொண்டு வராந்தாவில் ஒரு மணி நேரம் போனைத் தொடாமல் உட்காருங்கள். எந்த இடம் முதலில் வலிக்கிறது என்று தெரிந்துவிடும், திருப்பிக் கொடுக்கவும் நாள் இருக்கும்.

காட்டுக்குப் போனதும், நாற்காலியை விரித்து முடிக்கும் வரை துப்பாக்கியில் தோட்டா இருக்கக்கூடாது. நாற்காலியில் அதைச் சாய்த்தும் வைக்காதீர்கள். உங்கள் தோளைவிட அகலமான மரமாகப் பார்த்து அதற்கு முன்னால் போடுங்கள், பின்பக்கம் காவலாகவும் இருக்கும், உருவமும் மறையும். கால் வைக்கும் இடத்தில் காய்ந்த சருகை மண் தெரியும் வரை ஒதுக்கிவிடுங்கள். பிறகு, வலது கைப் பழக்கம் உள்ளவரானால், மான் வரும் தடத்தை நேராகப் பார்த்து உட்காராமல், இடது தோள் அந்தப் பக்கம் இருக்கும்படி நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள். துப்பாக்கியை இடது பக்கம் திருப்புவது சுலபம், வலது பக்கம் திருப்ப உடம்பே எழ வேண்டியிருக்கும்.