புதுப்பிப்பு: சதுரங்க நிரலை எங்கிருந்து தொடங்குவது?
சதுரங்க நிரலைத் திரையிலிருந்து தொடங்குவதா, நகர்த்தல் விதிகளிலிருந்தா என்று மதுரையிலிருந்து கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. கைகொடுத்தது திருப்பரங்குன்றத்து அண்ணன் சொன்ன யோசனைதான்: திரையை ஒதுக்கிவிட்டு, தொடக்க நிலையிலிருந்து ஒவ்வோர் ஆழத்திலும் (அதாவது ஒரு நகர்த்தல், இரண்டு நகர்த்தல் என முன்னோக்கிப் போகையில்) எத்தனை நகர்த்தல் வரிசைகள் விரிகின்றன என்று எண்ணும் பெர்ஃப்ட் சோதனையை முதலில் எழுதினேன். 20, 400, 8,902, 1,97,281 என நான்காம் ஆழம்வரை கணக்கு பிசகாமல் வந்தது.

எதிர்பாராதது ஒன்று உண்டு. அந்த ஆழத்திற்குள் கோட்டை கட்டுதலோ (ராஜாவையும் கோட்டைக் காயையும் ஒரே முறையில் நகர்த்துவது) என்பாசான் வெட்டோ (இரண்டு கட்டம் தாண்டிய சிப்பாயை, அது ஒரு கட்டமே நகர்ந்ததுபோல் எதிராளியின் சிப்பாய் உடனே வெட்டுவது) தலைகாட்டுவதே இல்லை என்பதால், எண்கள் பொருந்தினாலும் அவ்விதிகள் சோதிக்கப்பட்டதாகாது. ஆகவே இவ்விரண்டும் வரக்கூடிய, கிவிபீட் எனப்படும் நடு ஆட்ட நிலையையும் ஓட்டி, முதல் மூன்று ஆழங்களில் 48, 2,039, 97,862 வருகிறதா என்று பார்ப்பது அவசியம், எனக்கு வந்தது. திரைக்கு, நம் நிரல் யூசிஐ நெறிமுறையில் (சதுரங்க நிரலும் திரை மென்பொருளும் பேசிக்கொள்ளும் பொது முறை) பேசினால், பலகையைக் காட்ட அரீனா என்ற இலவச மென்பொருளே போதும்.